பந்து வரும்போது கண்ணை மூடும் பெண்கள்

முதல் நாள் கால்பந்துப் பயிற்சியில் நான் பார்ப்பது பிள்ளைகளின் காலை அல்ல, கண்ணை. பத்தடி தூரத்தில் நின்று பந்தை மெதுவாக உருட்டிவிடுவேன். தரையோடு தவழ்ந்து வரும் பந்துதான், யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனாலும் பாதிப் பேர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். இரண்டு கையும் தானாக மார்புக்கு வரும், ஒரு கால் பின்னால் போகும், பந்து காலிடுக்கில் புகுந்து சுவரில் முட்டி நிற்கும். "சாரிக்கா" என்பாள் அந்தப் பெண். எதற்கு சாரி?

வடசென்னையில் ஒரு மாநகராட்சி மைதானத்தில் 9 முதல் 13 வயது வரையிலான பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்தில் பையன்களைப் பழக்கும் ஒரு கோச், இந்தக் கண் மூடலைப் பார்த்துவிட்டுத்தான் ஒருநாள் சொன்னார், "பொண்ணுங்களுக்கு இது உடம்புலயே இல்ல மேடம்" என்று. அவர் கெட்டவர் இல்லை, கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார். அதே தெருவில் பிறந்த பத்து வயதுப் பையன் ஐந்து வருடமாகத் தகர டப்பா, பிளாஸ்டிக் பாட்டில், ரப்பர் பந்து என்று எதையாவது உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். முகத்தில் நாலு தடவை பந்து வாங்கியிருக்கிறான். அந்த நேரத்தில் அவன் அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். பூப்படையும் வயதுக்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பலத்திலோ வேகத்திலோ சொல்லிக்கொள்ளும்படி பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் பந்து காலில் பட்ட எண்ணிக்கையில்தான்.

இதை நானும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். என் முதல் பேட்ச்சில் 22 பேர், 3 பந்து. வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தியாகப் பந்தைக் காலால் தட்டிக்கொண்டே கோன்களைச் சுற்றி வரச் சொன்னேன். பார்க்க ஒழுங்காக இருந்தது, தலைமையாசிரியர்கூட வந்து பாராட்டிவிட்டுப் போனார். ஒருநாள் சும்மா ஒரு பெண்ணை மட்டும் கவனித்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பந்து அவள் காலில் பட்டது 31 தடவை. மீதி நேரம் முன்னால் நிற்பவளின் ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வருடம் பழக்கினாலும் அந்தப் பையனின் ஒரு மாத விளையாட்டுக்கு ஈடாகாது.

அன்றோடு வரிசையை விட்டேன். ஆளுக்கு ஒரு பந்து, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று. நல்ல பந்துதான் வேண்டும் என்றில்லை, தோல் உரிந்த பழைய பந்தும் போதும். அளவு மட்டும் முக்கியம். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். 8 முதல் 12 வயதுக்கு 4ஆம் எண், அதற்கும் சின்னவர்களுக்கு 3ஆம் எண். பல பள்ளிகளில் ஸ்டோர் ரூமில் 5ஆம் எண் மட்டும்தான் இருக்கும், அதுவும் கல் மாதிரி காற்றடித்து வைத்திருப்பார்கள். அதை வைத்து ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் கண்ணை மூடத்தான் செய்யும். வேறு வழியில்லை என்றால் காற்றையாவது கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

முதல் மூன்று வாரம் கோல் போஸ்ட் பக்கமே போவதில்லை. பந்தின் தலையில் உள்ளங்காலை மாற்றி மாற்றி வைப்பது, உள்ளங்காலால் முன்னும் பின்னும் உருட்டுவது, இரண்டு பாதத்தின் உட்புறத்துக்கும் நடுவில் ஊசலாடவிடுவது. இவ்வளவுதான். பத்து நிமிடத்தில் சில நூறு தொடுகை வந்துவிடும். கொஞ்சம் பழகியதும் நான் முன்னால் நின்று விரல்களைக் காட்டுவேன், எத்தனை என்று அவர்கள் கத்த வேண்டும். பந்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் எண்ண முடியாது. தலை நிமிர்வது அப்படித்தான் வரும். "தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு" என்று தொண்டை கிழியக் கத்தி யாருக்கும் வந்ததில்லை.

வரும் பந்தை நிறுத்துவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். காலை விறைப்பாக நீட்டுவார்கள், பந்து பட்டு நாலடி தள்ளி ஓடும். "காலை லூசாக வை" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒருநாள் கேட்டேன், "லாரித் தண்ணி பிடிக்கும்போது நிறைகுடத்தை அம்மா உன் கையில குடுத்தா எப்படி வாங்குவ?" ஒருத்தி கையை நீட்டி வாங்குவது மாதிரி செய்து காட்டினாள். குடம் கையில் வந்ததும் கை அதோடு சேர்ந்து கொஞ்சம் கீழே இறங்கியது. விறைத்துக்கொண்டு வாங்கினால் தண்ணீர் சிந்தும் என்று அவளுக்குத் தெரியும். அதையேதான் கால் செய்ய வேண்டும். பந்து பாதத்தின் உட்புறத்தில் படும் நொடியில் கால் அதோடு சேர்ந்து ஒரு சாண் பின்னால் போக வேண்டும். அன்று சாயங்காலமே நாலைந்து பேருக்குப் பந்து காலடியில் நின்றது. இப்போது எங்கள் மைதானத்தில் அதற்குப் பெயரே "குடம்" தான். "குடம் வாங்குடி!" என்று ஒருத்தியை ஒருத்தி அதட்டுவார்கள்.

பாஸில் வரும் தப்பு வேறு. விரல் நுனியால் குத்துவார்கள். பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. உதைக்கும் காலைத் திருத்துவதற்கு முன் ஊன்றும் காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உட்புறத்தால் பந்தின் நடுவில் அடிக்க வேண்டும். வெறுங்காலில் பழகினால் எந்த இடம் படுகிறது என்பது சீக்கிரம் பிடிபடும், மைதானத்தில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் இல்லாவிட்டால்.

ஆனால் நான் அதிக நேரம் செலவிடுவது குரலுக்காக. சிரிக்க வேண்டாம். பந்தைக் கேட்டு வாங்கத் தெரியாத பெண்ணுக்குப் பந்து வராது. "சத்தமாப் பேசாதே, பொம்பளப் பிள்ளையா லட்சணமா இரு" என்று வீட்டில் பத்து வருடம் கேட்டு வளர்ந்தவளை மைதானத்தில் நிறுத்தி "கால் ஃபார் த பால்", பந்தைக் கூப்பிட்டுக் கேள் என்றால் வாயில் காற்றுதான் வரும். அதனால் ஒரு விதி வைத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பாஸ், கேட்காவிட்டால் பந்து நகராது. முதல் வாரம் முனகல், இரண்டாம் வாரம் கொஞ்சம் சத்தம். ஒரு மாதத்தில் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் வந்து "இன்னிக்கு என்னங்க சண்டையா?" என்று கேட்டார். இன்னொரு விதி, மைதானத்துக்குள் சாரி கிடையாது. சொன்னால் ஐந்து தோப்புக்கரணம். அதையும் சாரி சொல்லிக்கொண்டே போடுகிறார்கள், என்ன செய்ய.

நுணுக்கம் கொஞ்சம் பிடிபட்டதும் நாலுக்கு நாலு பேராக, சின்ன இடத்தில், கோல்கீப்பர் இல்லாமல் ஆடவிடுவேன். பதினொரு பேர் ஆட்டத்தில் பயப்படும் பெண் ஓரமாக ஒளிந்துகொள்ளலாம், நாலு பேரில் ஒளிய இடமில்லை.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் சீரியஸாகச் சொல்ல வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழியும் ஆபத்து, பூப்படைந்த பிறகு பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். யாரும் இடிக்காமலேயே, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ கிழியும். உங்கள் பிள்ளையை ஒரு படிக்கட்டிலிருந்து குதித்து இறங்கச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். முட்டியும் பாதமும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், சத்தம் வராமல் இறங்க வேண்டும். ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற வார்ம்அப் இதுபோன்ற காயங்களைத் தடுக்கவே உருவானது, சுமார் 20 நிமிடம் ஆகும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வடிவமும் உண்டு. செலவு ஒரு பைசா இல்லை. இருந்தும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு வார்ம்அப் முடிந்தது என்பவர்கள்தான் அதிகம்.

பந்தைத் தலையால் முட்டுவதை 12 வயதுக்குக் கீழ் நான் சொல்லிக்கொடுப்பதே இல்லை. அமெரிக்காவில் 10 வயது வரை தடை, இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் கிடையாது. நமக்கு என்ன அவசரம்?

கொலுசு, வளையல், தோடு மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நகை அணிந்து ஆடக் கூடாது என்பது ஆட்ட விதி, டேப் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. கொலுசு விஷயத்தில் பாட்டிகளோடு நான் நடத்திய பேச்சுவார்த்தையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள் திடீரென்று வராமல் போவாள். "படிப்பு" என்பார்கள். பாதி நேரம் காரணம் வெள்ளை ஷார்ட்ஸ். 2023 உலகக் கோப்பைக்கு முன் இங்கிலாந்து அணியே, மாதவிடாய்க் கவலையை வீராங்கனைகள் சொன்ன பிறகு, வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. எங்கள் பிள்ளைகளுக்குக் கறுப்பு டிராக்ஸ். முதலுதவிப் பையில் நாப்கின் இருக்கும், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் பிரா பற்றி அம்மாவிடம் நான் பேசுவேன். ஆண் பயிற்சியாளர் என்றால் ஓர் ஆசிரியையோ, ஓர் அம்மாவோ கூட இருக்கட்டும். நிலையைத் திருத்த உடம்பைத் தொடாதீர்கள், செய்து காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் பெற்றோரோடு மட்டும் பேசுங்கள்.

வெறும் டீயைக் குடித்துவிட்டுக் காலையில் ஓட வருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று திட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் போடச் சொல்லுங்கள், டீயோடு வேண்டாம்.

"இதை ஆடி என்ன ஆகப்போகுது மிஸ், வெயில்ல கறுத்துப்போறதுதான் மிச்சம்" என்று கேட்கும் அம்மாக்களுக்கு, கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனதைச் சொல்வேன். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரையே தோற்கடித்துத் தேசியக் கோப்பை வாங்கியதையும் சொல்வேன். சிலர் சமாதானம் ஆவார்கள். சிலர் "ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்பார்கள். அது நியாயம், ஐந்தே முக்காலுக்கு விசில் அடித்துவிடுவேன்.

வாரக் கடைசியில் இரண்டு பந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக வேண்டும். முன்பெல்லாம் திங்கட்கிழமை விசாரித்தால் பந்தை ஆடியது அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்கும். போன மாதம் ஒரு பந்து திரும்பி வந்தபோது அதில் ஸ்கெட்ச் பேனாவால் கோணல் மாணலாக எழுதியிருந்தது: "அண்ணா தொடக் கூடாது. கேட்டுட்டு தொடு." மைதானப் பந்தில் எழுதக் கூடாது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் வந்து நின்றதும், எதுவும் சொல்லாமல் பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டேன். குடம் வாங்கினாள்.