தொடரைப் பார்த்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் ஒரு நாள்காட்டித் தாள் என் மேஜைக்கு வந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் வரிசையாக நேரம் எழுதியிருந்தது: 11.20, 1.10, 2.40, 4.05. எழுதியவருக்கு 62 வயது. வாய்ப்புற்று தாடை எலும்பு வரை போய்விட்டது, பேச முடியாது. ராத்திரி வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்த நேரங்களை எனக்குக் காட்டுவதற்காகக் குறித்து வைத்திருக்கிறார். படுத்தால் வலி கூடுகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டு, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் சொம்பைத் தாடையில் அழுத்திப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம். மருமகள் சொன்னார்.

பத்து நாளுக்கு முன்பு நான் கொடுத்தனுப்பிய மார்ஃபின் (கடும் வலிக்கான அபின் வகை மருந்து) அட்டையில் இரண்டே மாத்திரைதான் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அவரை அழைத்தேன். "டாக்டர், நான் 'டோப்சிக்' பார்த்திருக்கேன். எல்லாம் தெரியும். எங்க அப்பாவை அடிமையாக்க விடமாட்டேன்" என்றார்.

வலி மாத்திரைக்கு அமெரிக்கர்கள் அடிமையான கதையைச் சொல்லும் இந்த 'டோப்சிக்' தொடரையோ, நெட்ஃபிளிக்ஸில் அதே கதையோடு வந்த 'பெயின்கில்லர்' தொடரையோ காட்டி மார்ஃபினை மறுத்த குடும்பங்களில் இது நான்காவது. வலி நிவாரணமும் இறுதிக்கால நோய் தணிப்பும்தான் என் வேலை. நான்காவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தொடர் மேல் எனக்குக் கோபமே இல்லை. 2021-இல் ஹுலு என்ற அமெரிக்க இணையத் தளத்தில் வந்த எட்டுப் பகுதிகளையும் இரண்டு முறை பார்த்தேன். மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்பேன். பெத் மேசி என்ற பத்திரிகையாளர் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர், அங்கே ஊர் முழுக்க நம்பும் ஒரு டாக்டர், சாமுவேல் ஃபினிக்ஸ். மைக்கேல் கீட்டன் நடித்திருக்கிறார். அந்த ஊரும் அந்த டாக்டரும் கற்பனை. ஆக்ஸிகான்டின் என்ற, மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையும், அதை விற்ற பர்டூ ஃபார்மா கம்பெனியும், அதன் பின்னால் இருந்த சாக்லர் குடும்பமும் நிஜம்.

அந்த மகன் கவனிக்கத் தவறிய இடம் ஒன்று இருக்கிறது. ஆக்ஸிகான்டினுக்கு முன்னால் அதே கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரை. பெரும்பாலும் புற்றுநோயாளிகளுக்கு. அது நல்ல மருந்து. ஆனால் புற்றுநோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, காப்புரிமைக்கும் காலக்கெடு உண்டு. முதுகு வலி, மூட்டு வலி, பல் பிடுங்கிய வலி என்று போனால் சந்தைக்கு எல்லையே இல்லை. 1996-இல் ஆக்ஸிகான்டின் கடைக்கு வந்தபோது கம்பெனி குறி வைத்தது அந்தக் கூட்டத்தைத்தான். தொடரில் பெட்ஸி என்ற பெண்ணுக்குச் சுரங்கத்தில் முதுகில் அடிபடுகிறது. அவளிடமிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. வாய்ப்புற்றில் படுத்திருக்கும் கிழவரிடமிருந்து ஆரம்பிக்கவில்லை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1980-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில், ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஐந்தே வாக்கியங்கள் வந்தன. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, மார்ஃபின் போன்ற வலி மருந்து கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது கடிதம். அவர்கள் எல்லாம் நர்ஸ் பக்கத்திலிருந்து கொடுத்து வாங்கிக்கொண்டவர்கள். வீட்டுக்குப் பாட்டில் பாட்டிலாக எடுத்துப் போனவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் 'ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே அடிமையாவார்கள்' என்று ஊர் ஊராகக் கம்பெனியின் ரெப்புகள் (விற்பனைப் பிரதிநிதிகள்) டாக்டர்களிடம் சொன்னார்கள். மெதுவாக உடம்பில் சேர்வதால் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறைவு என்று நம்பப்படுவதாக லேபிளிலேயே ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதை அனுமதித்தது. பரிசீலனைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி பின்னாளில் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்புறம் பன்னிரண்டு மணி நேரக் கதை. ஒரு மாத்திரை பன்னிரண்டு மணி நேரம் வலியைக் கட்டும் என்றார்கள். பல பேருக்கு அதற்கு முன்பே வலி திரும்பியது. அந்த நிலையில் இந்த மருந்து இவருக்குச் சரிதானா என்று யோசித்திருக்க வேண்டும். ரெப்புகள் சொன்ன வழியோ, டோஸைக் கூட்டுங்கள் என்பது. பத்து இருபதாகி, நாற்பதாகி, எண்பது மில்லிகிராமுக்குப் போனது. மருந்தைக் கேட்டுத் தவிக்கும் நோயாளிக்கு 'போலி அடிமைத்தனம்' என்று ஒரு பெயர் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர் அடிமையாகவில்லை, வலி போதிய அளவு தீரவில்லை, இன்னும் கொடுங்கள் என்பது அதன் பொருள். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். வெள்ளை கோட்டுப் போட்ட எங்களைப் போன்றவர்கள் அதை நம்பிச் சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

2007-இல் வர்ஜீனியாவின் அபிங்டன் நீதிமன்றத்தில், பர்டூவோடு இணைந்த ஒரு நிறுவனம் மருந்தைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 60 கோடி டாலர் கட்டினார்கள். மூன்று உயர் அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 2010-இல் மாத்திரையை எளிதில் நொறுக்க முடியாதபடி மாற்றினார்கள். ஏற்கெனவே பழகியவர்களில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள், அதன்பின் அதைவிட வீரியமான ஃபென்டனைல் வந்தது. 2021-இல் மட்டும் அமெரிக்காவில் ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின் போன்ற அபின் வகை மருந்துகள்) மிகையாகி இறந்தவர்கள் சுமார் 80,000 பேர்.

சரி, இத்தனையும் தெரிந்த பிறகும் நான் ஏன் மார்ஃபின் கொடுக்கிறேன்?

இங்கேதான் எல்லோரும் ஒரே குழியில் விழுகிறார்கள். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனிதன் அதற்கு அடிமையாவது வேறு. சில வாரங்கள் தொடர்ந்து மார்ஃபின் எடுக்கும் எவருக்கும் உடம்பு பழகும். திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல் எல்லாம் வரும். இந்த வாதைக்கு அமெரிக்க ஊர்களில் வைத்த பெயர்தான் தொடருக்குத் தலைப்பு. ஸ்டீராய்டு மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு கவிழ்ந்துவிடும். அவரை ஸ்டீராய்டுக்கு அடிமை என்று யாராவது சொல்வீர்களா? படிப்படியாகக் குறைக்கிறோம், அவ்வளவுதான். மார்ஃபினையும் தேவை முடிந்தால் அப்படியே குறைக்கிறோம்.

அடிமைத்தனம் என்றால், வலி இருக்கிறதோ இல்லையோ அந்த மருந்தைத் தேடி மனம் அலைவது. எத்தனை எடுக்கிறோம் என்ற கட்டுப்பாடு கைநழுவுவது. வேலை போகிறது, குடும்பம் உடைகிறது, நகை அடகுக்குப் போகிறது, தெரிந்தும் நிறுத்த முடியாமல் இருப்பது. என்னிடம் வரும் குடும்பங்களிடம் ஒன்றைத்தான் கேட்பேன்: மாத்திரை ஆரம்பித்த பிறகு அவருடைய நாள் விரிந்ததா, சுருங்கியதா? முன்பு கஞ்சி குடிக்க மறுத்தவர் இப்போது குடிக்கிறார், பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார், நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறார் என்றால் அதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லை. வலி குறைந்திருக்கிறது, மனிதர் திரும்பி வந்திருக்கிறார்.

புற்றுநோயாளி யாருமே அடிமையாக மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அந்த ரெப்புகளின் பொய்யையே நானும் சொன்னதாகிவிடும். ஆகலாம். நோய் குணமாகி நீண்ட காலம் வாழப்போகிறவர், முன்பே குடிப்பழக்கம் உள்ளவர், இப்படிப்பட்டவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அதனால்தான் முதல் நாளே குடியைப் பற்றிக் கேட்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் மீதி மாத்திரையை எண்ணச் சொல்கிறேன். சந்தேகப்படுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எண்ணுவதும் சிகிச்சைதான்.

இன்னொன்று எங்கள் துறைக்குள்ளே நாங்கள் வேதனையோடு பேசிக்கொள்வது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. உலகத்துக்குச் சட்டப்படி அபின் கொடுக்கும் நாடு நாம். அதே நாட்டில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் வந்தபின் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்துக்கொள்ளவே பயந்தன. கேரளத்தைச் சேர்ந்த நோய் தணிப்பு மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கா ஓபியாய்டில் மூழ்கியபோது, இங்கே புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் கத்திக்கொண்டே செத்தார்கள். தொடரைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இங்கே ஆபத்தே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையை, குறிப்பாக டேபென்டடாலை, கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தி வருகிறது. மாத்திரையில் மருந்தோடு சேர்ந்த மாவுப் பொருள் ரத்தத்தில் கரையாது, ரத்தக் குழாயையும் நுரையீரலையும் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, கல்லீரல் அழற்சி. டிராமடால் என்ற இன்னொரு வலி மருந்தை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சும்மா இல்லை. அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை மிஞ்சினால் அலமாரியில் வைக்காதீர்கள், அடுத்தவருக்கு "எனக்குக் கேட்டது, நீயும் போடு" என்று கொடுக்காதீர்கள், கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காதீர்கள். இந்த மாத்திரையோடு சாராயம் கூடவே கூடாது. தூக்க மாத்திரை ஏற்கெனவே எடுப்பவராக இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆளை எழுப்பவே முடியவில்லை, மூச்சு மெதுவாகி விட்டுவிட்டு வருகிறது என்றால் நெட்டில் தேடிக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் யாராவது உண்மையிலேயே சிக்கியிருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். "வைராக்கியம் இல்லாதவன்" என்று திட்டாதீர்கள். தொடரில் அந்த டாக்டரே விபத்துக்குப் பிறகு அதே மாத்திரையில் விழுகிறார். படிப்பும் நல்ல மனசும் அவரைக் காப்பாற்றவில்லை. அவர் மீள்வது ப்யூப்ரெனார்ஃபின் என்ற மருந்தோடு. இங்கேயும் மனநல மருத்துவர்களிடம் அந்தச் சிகிச்சை உண்டு. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்டு அதைப் பாதியில் நிறுத்த வைக்கும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தை விட்டுச் சில வாரம் ஆனவரின் உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்து அப்படியே மூச்சு நின்று போகிறார்கள். சாவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் காத்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

அந்த மகனோடு நாற்பது நிமிஷம் பேசினேன். சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். அவரையே பொறுப்பாக்கினேன்: நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து மில்லிகிராம், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும், நடுவில் வலி தலைதூக்கினால் எனக்குப் போன் செய்ய வேண்டும், தானாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நான்காம் நாள் மூவரும் வந்தார்கள். நாள்காட்டித் தாளில் ஒரே ஒரு நேரம் இருந்தது, 3.30. அதற்குக் கீழே பெரியவர் தன் கையால் எழுதியிருந்தார்: வெளிக்குப் போய் மூன்று நாளாச்சு.

மார்ஃபினோடு நான் எழுதிக் கொடுத்த மலமிளக்கியை மகன் கொடுக்கவில்லை. மாத்திரை அதிகமாகிவிடுமே என்று விட்டுவிட்டாராம். கடிந்துகொண்டேன். வாந்தி வந்தாலும் தூக்கக் கலக்கம் வந்தாலும் சில நாளில் உடம்பு சமாளித்துக்கொள்ளும், மலச்சிக்கல் மட்டும் மார்ஃபின் உள்ளவரைக்கும் கூடவே இருக்கும். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது மார்ஃபின் அட்டை இருந்தால், பக்கத்தில் மலமிளக்கி இருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.