புங்கமா, திராட்சைப் பந்தலா? குழி தோண்டும் முன் வெயிலை அளந்துவிடுங்கள்

தோட்டத்தில் நிழலும் வேண்டும், கூடவே பழமும் கிடைத்தால் நல்லது என்று ஒரே மூலையில் ஒரு புங்கங்கன்றையும் ஒரு திராட்சைக் கொடியையும் நட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டுமே நன்றாக வரும். நான்காம் ஆண்டில் கொடியில் இலை மட்டும்தான் இருக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கூட்டுவார்கள். இலை இன்னும் பெருகும், காய் வராது.

திராட்சையில் இந்தப் பருவத்துப் பூங்கொத்து சென்ற பருவத்திலேயே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்கு அந்தக் குச்சியின் மேல் அப்போதே வெயில் பட்டிருக்க வேண்டும். நிழலில் முதிர்ந்த குச்சியிலும் மொட்டு இருக்கும், துளிரும் வரும். கொத்து வர வேண்டிய இடத்தில், கொடி பற்றி ஏற உதவும் வெறும் பற்றுச்சுருள் சுருண்டு நிற்கும். பந்தலுக்குக் கீழே நாம் அனுபவிக்கும் நிழலுக்கு விலை, பந்தலுக்கு மேலே நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில். மரம் வளர வளர அந்த வெயிலைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் அளவுகோல் எளிது. மரத்தைப் பொறுத்தவரை பெரிய தவறுகள் எல்லாம் நடும் நாளிலேயே நடந்துவிடும். பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். கொடியிலோ ஒவ்வொரு கவாத்திலும், அதாவது குச்சிகளை வெட்டிச் சீராக்கும்போதும், தவறு செய்ய வாய்ப்பு உண்டு, அடுத்த கவாத்தில் திருத்தவும் வாய்ப்பு உண்டு. ஆண்டுதோறும் கத்தரிக்கோலோடு ஏணியில் ஏற ஆள் இல்லாத வீட்டுக்குத் திராட்சைப் பந்தலை நான் பரிந்துரைப்பதில்லை.

மரத்தின் இடம்: ஒரு சின்னக் கணக்கு

வீட்டைச் சூடாக்குவதில் மேற்குச் சுவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்பகல் வெயில் சாய்வாக வந்து சுவரிலும் ஜன்னலிலும் நேராக அடிக்கும். மரத்தை மேற்கில் வைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு தள்ளி என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு மீட்டர் குச்சியின் நிழல் சுமார் 1.7 மீட்டர் நீளும். மரம் 20 அடி உயரம், கீழ்க்கிளை 7 அடியில் தொடங்குகிறது, சுவரிலிருந்து 18 அடி தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் சுவரில் தரையிலிருந்து ஏறக்குறைய 9½ அடி உயரம் வரை நிழல் விழும். தரைத்தள ஜன்னல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சூரியன் 15 பாகைக்கு இறங்கும்போது நிழல் 2 அடிக்கு மேலே தொடங்கி 15 அடி வரை ஏறும். அதே மரம், சூரியன் 60 பாகையில் இருக்கும்போது சுவருக்கு நிழலே தராது. நண்பகலில் மொட்டை மாடி சுடுவதற்கு இந்த மரத்தை நம்பிப் பயனில்லை. கிளைகளின் பரப்பைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. உங்கள் இடத்தில் எந்த மணிக்குச் சூடு தாங்கவில்லையோ அந்த மணிக்கு ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்து பாருங்கள், போதும்.

புங்கம் போன்ற நடுத்தர மரத்துக்குச் சுவரிலிருந்து 18 முதல் 20 அடி இருந்தால் நல்லது. சுருங்கி விரியும் களிமண் நிலமென்றால் இன்னும் தள்ளி வையுங்கள். அங்கே வேர் மண்ணின் ஈரத்தை இழுக்கும்போது மண் சுருங்கும், அஸ்திவாரத்தில் விரிசல் விடும். கழிவுநீர்த் தொட்டி, குழாய் இணைப்பு ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். கசிவு உள்ள இணைப்பை வேர் தேடிப் பிடிக்கும். ஆல், அரசு வகைகளை வீட்டுத் தோட்டத்தில் பேசவே தேவையில்லை. நாட்டு வாதுமையின் அகன்ற இலை உதிர்ந்து மழைநீர்க் குழாயை அடைக்கும். முருங்கைக் கிளை காற்றுக்கு ஒடியும். அதை நிழல் மரமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் வெயில் தேவைப்படும் இடங்களில் இலையுதிர்க்கும் மரமே ஏற்றது.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், பையின் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது பழைய கன்று. அப்படியே நட்டால் அந்த வளையம் தடித்து, பல ஆண்டு கழித்துத் தண்டின் கழுத்தையே நெரிக்கும். நடும்போது பையை முழுவதும் கிழித்தெடுத்து, சுற்றிய வேர்களைக் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கீறிவிட வேண்டும். குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரம் அளவு. அகலம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஆழமாகத் தோண்டி எருவைக் கொட்டி அதன்மேல் கன்றை வைத்தால், எரு மட்கி அமிழும்போது கன்றும் சேர்ந்து இறங்கும். தண்டு அடியில் விரிந்து வேராக மாறும் இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண்ணின் மேல் பரப்பும் இலைச்சருகு மூடாக்கு 2 முதல் 3 அங்குலம் போதும், தண்டைத் தொடாமல். ஊன்றுகோலை ஓராண்டில் எடுத்துவிடுங்கள். காற்றில் சற்று ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். ஒரே தடிமனில் இரண்டு தலைமைக் கிளைகள் குறுகலான ‘வி’ போல எழுந்து, இடுக்கில் பட்டை உள்நோக்கி மடிந்திருக்கிறதா? பெருங்காற்றில் மரம் பிளப்பது அந்த இடத்தில்தான். இப்போது ஒன்றை வெட்ட ஒரு கைவாள் போதும். பெரிய கிளையென்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு, கடைசியாக மிஞ்சிய அடித்துண்டை, கிளையின் அடியில் புடைத்திருக்கும் வளையத்தைக் காயப்படுத்தாமல் அதன் வெளி விளிம்பில். முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். உச்சியை மொட்டையடித்தால் மரம் அகலும் என்பது பிடிவாதமான நம்பிக்கை. அகலத்தான் செய்யும், ஆனால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு மேலோட்டமான பிடிப்பே இருக்கும். அவைதான் பிறகு ஒடிந்து விழும்.

கொடி: பந்தல்தான் பாதி வேலை

பந்தலின் உயரம் 7 அடி. அதைவிடத் தாழ்ந்தால் தலையில் இடிக்கும், உயர்ந்தால் கவாத்து செய்யக் கை எட்டாது. கால்களை 2 அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். சுற்றுக்கம்பி தடித்த 8 கேஜ், உள்ளே 2 அடிக்கு ஒன்றாக மெல்லிய 12 கேஜ். கம்பியை முறுக்கி இழுக்கும்போது மூலைக் கால்கள் உள்நோக்கிச் சாயும். அதனால் மூலைகளுக்கு மட்டும் வெளிப்பக்கம் இழுகம்பி கட்டாயம். மழையில் நனைந்த இலையும் கொத்தும் சேர்ந்த பாரத்தை மூங்கில் பந்தல் ஓரிரு ஆண்டுக்கு மேல் தாங்காது. கொடி கனமான பிறகு பந்தலை மாற்றுவது பெரும்பாடு.

கன்று நட்டபின் ஒரே ஒரு தண்டை மட்டும் மேலே விடுங்கள். பக்கத் துளிர்களைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். பந்தலுக்கு அரை அடி கீழே நுனியைக் கிள்ளினால் இரண்டு கைகள் பிரியும். அவற்றை எதிரெதிர்த் திசையில் கம்பியோடு ஓடவிட்டு, அவற்றிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 2 அடிக்கு ஒன்றாகக் கிளைகளை விட்டால் சட்டகம் தயார். நன்றாக வளர்ந்தால் ஒன்றரை ஆண்டில் பந்தல் மூடும். இந்த வேகத்துக்கு எந்த மரமும் ஈடில்லை. மரத்தின் உருப்படியான நிழலுக்கு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கவாத்துதான் பலருக்கும் புரியாத இடம். சென்ற பருவத்தில் வளர்ந்து பழுப்பேறிய குச்சியிலிருந்து எழும் புதுத் துளிரில்தான் கொத்து வரும். வெட்டாமல் விட்டால் பழைய கட்டை நீண்டுகொண்டே போய், காய்ப்பு பந்தலின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு குச்சியில் எத்தனை மொட்டு விட்டு வெட்டுவது என்பது ரகத்தைப் பொறுத்தது. தாம்சன் சீட்லெஸ்ஸில் அடி மொட்டுகள் பெரும்பாலும் காய்க்காது. இரண்டு மொட்டோடு வெட்டினால் அந்தப் பருவமே வீண். உங்கள் ரகம் தெரியாவிட்டால் முதல் முறை சில குச்சிகளை 3 மொட்டிலும் சிலவற்றை 6 மொட்டிலும் சிலவற்றை 10 மொட்டிலும் வெட்டி, எந்த மொட்டிலிருந்து கொத்து எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப்ப மண்டலத்தில் கவாத்து செய்து சுமார் 4 மாதத்தில் பழம். குளிர் பகுதிகளில் கொடி இலையுதிர்த்து உறங்கும்போது ஒரே கவாத்து.

ஈரமும் அடர்த்தியும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அதே இடத்தில் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை. தடுப்புக்கு 1 சதவீத போர்டோ கலவை: 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் வாளியில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் இலை கருகும்; இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். பூக்கும்போது தெளிக்காதீர்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திராட்சைப் பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பந்தலுக்கு அடியில் உதிர்வதை நாள்தோறும் பொறுக்க முடியாதென்றால் நாய் போகாதபடி வேலி வேண்டும். புங்கன் விதையும் தின்னத் தக்கதல்ல.

இரண்டும் வேண்டும் என்றால் மரத்தை மேற்கே வையுங்கள், பந்தலை வீட்டின் கிழக்கே போடுங்கள். காலை வெயில் பனியைச் சீக்கிரம் உலர்த்திவிடும், நோய் குறையும். பந்தல் சுவரிலிருந்து சில அடி விலகியிருந்தால் பிற்பகலிலும் சற்று நேரம் வெயில் கிடைக்கும்.

ஏற்கெனவே மரத்தடியில் கொடியை நட்டுவிட்டவர்கள் அதைப் பிடுங்கி நட முயல வேண்டாம். முதிர்ந்த கொடி மறுபடி பிடிப்பது அரிது. கவாத்து செய்யும்போது பந்தலின் வெயில் படும் ஓரத்திலிருந்து பென்சில் தடிமன் உள்ள, பழுப்பேறிய குச்சிகளை நான்கு கணுவோடு வெட்டுங்கள். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டிவைத்தால் தலைகீழாக நடும் தவறு நேராது. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். குச்சியில் உள்ள சேமிப்பை வைத்தே முதல் இலைகள் வந்துவிடும். லேசாக இழுத்துப் பார்த்து, கையோடு வராமல் இருந்தால் மட்டும் புதிய இடத்துக்கு மாற்றுங்கள்.