தகுதி விதியில் தொடங்குங்கள்: எல்லைத் தாலுகாக்களில் சமூகக் கொள்கை படிக்க நினைப்பவர்களுக்கு

'சமூகக் கொள்கைப் பகுப்பாய்வு' (நலத்திட்டங்களையும் அவற்றின் விதிகளையும் ஆராயும் படிப்பு) என்ற பெயரிலேயே ஒரு பட்டம் வேண்டும் என்று கேரள எல்லையில் பாலக்காட்டுச் சித்தூரிலோ இடுக்கியிலோ தேடி அலைய வேண்டாம். (ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் உண்டு; அங்கே தேடினாலும் கதை ஏறக்குறைய இதுதான்.) பிரிட்டனில் அது தனிப் பட்டப்படிப்பு. நம் பக்கத்தில் பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணிப் பட்டம்) ஆகியவற்றுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. துண்டுகளை எடுத்துக் கோக்கும் வேலை மாணவருடையது. கல்லூரி அதைச் செய்து தராது.

கோப்பதற்கு இப்போது வழி கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைத் திட்டம் நடப்பில் இருக்கிறது. பாலக்காட்டுக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் காலிகட் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டோடு நிறுத்தினால் 133 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 177. அந்த 133இல் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) 68, மைனருக்கு (துணைப் பாடம்) 24, இன்டர்ன்ஷிப்புக்கு 2. பலரும் மைனரை நேர அட்டவணைக்கு எது ஒத்துவருகிறதோ அதைப் பார்த்து எடுக்கிறார்கள். கொள்கை படிக்க வருபவருக்கு மேஜருக்கு இணையான முடிவு இது. பொருளியல் மேஜர், சமூகவியல் அல்லது அரசியல் அறிவியல் மைனர் என்பது எங்கள் பரிந்துரை. அரசியல் அறிவியலோ சமூகவியலோதான் மேஜர் என்றால், மைனரில் புள்ளியியல் இருக்கட்டும். புள்ளியியலே தொடாத சமூகவியல் மாணவர் ஓர் அட்டவணையைக் கண்டதும் வாயடைத்துப்போகிறார். சமூகவியலே தொடாத பொருளியல் மாணவரோ பஞ்சாயத்து ஆபீஸ் என்பது ஒரு சமன்பாடு என்று நினைத்து எழுதுகிறார். பி.எஸ்.டபிள்யூ நல்ல படிப்புதான். ஆனால் அதன் மையம் ஒரு மனிதர், ஒரு குடும்பம். கொள்கைப் பகுப்பாய்வின் மையம், பல்லாயிரம் குடும்பங்களைத் தொடும் ஒரு விதி.

இனி அந்த விதிக்கு வருவோம். எந்த நலத்திட்டத்தை எடுத்தாலும் கேட்க வேண்டியவை நான்கு: யாருக்கு, என்ன, யார் கையால், யார் பணத்தில்? இந்த நான்கில் மாணவர்கள் அதிகம் எழுதுவது 'என்ன' என்பதைப் பற்றி. தொகை எவ்வளவு, அரிசி எத்தனை கிலோ என்று. குறைவாக எழுதுவது 'யாருக்கு' என்பதைப் பற்றி. திட்டத்தின் உயிர் இருப்பதோ அங்கேதான். அரசாணையில் தொகை ஒரு வரி. தகுதி நிபந்தனைகள் பக்கக் கணக்கில் நீளும்.

ரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் நான்கு நிறம். மஞ்சள் அந்த்யோதயா (மிக ஏழைக் குடும்பங்களுக்கு), பிங்க் முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் முன்னுரிமை இல்லாதவை. மஞ்சளுக்குக் கார்டு ஒன்றுக்கு மாதம் 35 கிலோ தானியம், பிங்குக்கு ஆளுக்கு 5 கிலோ. சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வண்டி, 1,000 சதுர அடிக்கு மேல் வீடு, ஓர் ஏக்கருக்கு மேல் நிலம், மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருமானம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முன்னுரிமை போய்விடும். நில நிபந்தனையில் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சித்தூர் தாலுகாவின் எருத்தேம்பதி, வடகரைப்பதி பக்கம் மழை மறைவுப் பகுதி. அங்கே ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவரும், வாய்க்கால் பாசனத்தில் அதே அளவு நெல்வயல் வைத்திருப்பவரும் விதியின் கண்ணுக்கு ஒரே ஆள். வசதியில்லாதவரை வெளியே நிறுத்தும் இந்தத் தவறுக்கு விலக்கல் பிழை என்று பெயர். வசதி உள்ளவரை உள்ளே விட்டால் அது சேர்ப்புப் பிழை. ஒன்றைக் குறைக்க விதியை இறுக்கினாலோ தளர்த்தினாலோ பெரும்பாலும் மற்றது கூடும். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பது கணக்கு மட்டும் அல்ல, அரசியல் முடிவும்கூட.

அடுத்து ஓர் அடுக்கு இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேரளத்தில் மஞ்சள், பிங்க் இரண்டிலும் சேர்த்து இடம்பெறக் கூடியவர்கள் சுமார் 1.54 கோடி பேர். இது 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கட்டிய வரம்பு. வரம்பு நிறைந்திருந்தால், தகுதி இருந்தும் ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியேற வேண்டும். ஆகவே 'தகுதியானவர் ஏன் விடுபட்டார்' என்று கேட்டுவிட்டு ரேஷன் கடைக்காரரையும் சப்ளை ஆபீஸையும் மட்டும் கைகாட்டும் ஆய்வு அரைகுறை. எல்லை தாண்டி கோவிந்தாபுரம், கோபாலபுரம் பக்கம் போனால் தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. அரிசி கார்டு வாங்க இப்படிப்பட்ட கதவு இல்லை. கேரளமும் 1997இல் இலக்கு முறை வரும்வரை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சில மைல் தூரத்தில் இரண்டு வேறு கொள்கைகள், இரு பக்கமும் ஒரே மொழி, ஒரே சொந்தபந்தம். கொள்கை படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஆனாலும் ஆய்வுத் தலைப்பு கேட்டால் 'இந்தியாவில் வறுமை ஒழிப்பு' என்றுதான் எழுதித் தருகிறார்கள்!

தகுதி விதியைவிடச் சிக்கலானது, தகுதியை நிரூபிக்கும் காகிதம். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சாதிச் சான்றிதழ்ப் பிரச்சினை வரும். பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலவாரியானது. அதன் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர் வந்து சேர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்பது 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. ஆக, தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 1950க்கு முன்பே இங்கே இருந்தார் என்று காட்ட வேண்டும். நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். தலைமுறை தலைமுறையாக லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவருக்கு எந்தப் பத்திரம்? எஸ்டேட்டின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று தேட வேண்டியதுதான். விதி யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. கேட்கும் ஆவணம் நிலமற்றவரை விலக்கிவிடுகிறது. தனித் தொகுதியான தேவிகுளத்தின் தேர்தல் முடிவையே 2023இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்து, 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அந்த வழக்கிலும் குடும்பம் எப்போது குடியேறியது என்பது ஒரு கேள்வி. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே ஆவணங்களை இரு நீதிமன்றங்கள் எப்படி எடைபோட்டன என்பதைப் பார்த்தாலே சான்று என்றால் என்னவென்று புரியும்.

'யார் கையால், யார் பணத்தில்' என்பதற்கு முதியோர் பென்ஷன் நல்ல பாடம். மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும். மீதி மாநிலத்தின் பணம். 2025 இறுதி நிலவரப்படி தமிழ்நாட்டில் 1,200, கேரளத்தில் 2,000, ஆந்திரத்தில் 4,000. இந்த மூன்று எண்ணை வைத்து 'ஆந்திரமே சிறந்தது' என்று முடிப்பவர்கள் ஏராளம். அதற்கு முன் கேட்க வேண்டியவை: அறுபது தாண்டியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? வருமான வரம்பு என்ன? (கேரளத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம்.) மாதாமாதம் வருகிறதா? கேரளத்தில் 2023-24இல் பல மாதங்கள் குடிசிகை (நிலுவை) விழுந்தது. ஆண்டில் உண்மையில் கைக்கு வந்த தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, 1,600 வீதம் ஏழு மாதம்தான் வந்தது என்றால் அந்த ஆண்டின் மாதச் சராசரி 933 ரூபாய். பாக்கி அடுத்த ஆண்டு வந்து சேரலாம். ஆனால் மருந்துக் கடை அதுவரை காத்திருக்காது. கொடுக்கும் கை என்று பார்த்தால், கேரளத்தில் பென்ஷன்காரர் அக்‌ஷயா என்ற இ-சேவை மையத்துக்குப் போய் மஸ்டரிங் செய்து தான் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் எடுக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலாம் என்ற மாற்று வழி இருக்கிறது. அது தெரிந்தவர் எத்தனை பேர் என்பதே நல்லதோர் ஆய்வுக் கேள்வி.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழை இரண்டாம் மொழியாக எடுங்கள், தவறில்லை. ஆனால் மலையாளம் வாசிக்கத் தெரியாமல் கேரளத்தில் கொள்கை படிக்க முடியாது. அரசாணை, கிராமசபை மினிட்ஸ், பஞ்சாயத்துத் திட்ட ஆவணம் எல்லாம் பெரும்பாலும் மலையாளத்தில்தான். முதல் ஆண்டிலேயே வாரம் ஓர் அரசாணை என்று வாசித்துப் பழகுங்கள். ஆந்திரத்தின் குப்பம், நகரி பக்கத்து மாணவருக்குத் தெலுங்கு அப்படியே.

புள்ளிவிவரத்தில் வழுக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான், ஆனால் எல்லோரும் அதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளைப் பார்த்தது. மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடு. அதை வைத்துப் பாலக்காடு மாவட்டத்தைப் பற்றிப் பேசலாம். சித்தூர் தாலுகாவின் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பேச முடியாது. அந்த அளவுக்கு நறுக்கினால் கையில் மிஞ்சும் வீடுகள் மிகச் சில. தாய்மொழி வாரியாகத் தாலுகா அளவில் வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 அட்டவணைதான் வழி, அதுவும் 2011உடையது. 2021இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. இன்னொன்று: 20 சதவீதம் 25 ஆனால் உயர்வு ஐந்து சதவீதப் புள்ளி, அல்லது இருபத்தைந்து சதவீதம். 'ஐந்து சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் தவறு. மென்பொருளுக்கு அவசரம் வேண்டாம். எக்செல்லில் குறுக்கு அட்டவணை போடக் கற்றபின் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகுங்கள், அது இலவசம்.

நான்காம் ஆண்டு ஆய்வுத் தடத்துக்கு யுஜிசி வகுத்த அளவுகோல் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம். ஆய்வுத் திட்டத்துக்கு 12 கிரெடிட். அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்த நினைத்தால், 95 சதவீத நம்பகத்தில் ஐந்து புள்ளிப் பிழைக்கு ஏறக்குறைய 385 வீடு வேண்டும், பத்துப் புள்ளிப் பிழை போதும் என்றால் 96. ஒரே லயத்தில் வரிசையாக எல்லா வீட்டையும் எடுத்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள், ஆகவே பல லயங்களில் பரவலாகச் சில சில வீடாக எடுங்கள். பகலில் போனால் வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள், வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள். மாலை ஐந்துக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். வார்டு மெம்பரோ அயல்கூட்ட (குடும்பஸ்ரீ மகளிர் குழு) தலைவியோ கூட வந்து அறிமுகப்படுத்தட்டும், கேள்வி கேட்கும்போது அருகில் இருக்க வேண்டாம். 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால், கார்டு நிறம் மாறிவிடும் என்ற பயத்தில் குறைத்துச் சொல்வார்கள். போன வாரம் எத்தனை நாள் வேலை, ஒரு நாள் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கேள்வித்தாளை மலையாளத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று மனசுக்குள் மொழிபெயர்க்கக் கூடாது. வீட்டுக்கு வீடு கேள்வி மாறிவிடும். தமிழில் அச்சடித்து, பத்து வீட்டில் ஒத்திகை பார்த்து, புரியாத சொல்லை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பஞ்சாயத்துப் பதிவுகள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் கெடு 30 நாள். மேல்முறையீடு என்று போனால் இன்னும் ஒரு மாதமாவது ஆகும். ஆகவே மனு ஏழாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே போயிருக்க வேண்டும். எட்டாவதில் போட்டால் பதில் வருவதற்குள் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்திருக்கும்.

அறிக்கை எழுதும்போது பெயரை மட்டும் நீக்கினால் போதாது. இருபது வீடு உள்ள லயத்தில் 'தையல் மெஷின் வைத்திருக்கும் 52 வயது விதவை' என்று எழுதினால் அவர் யாரென்று மொத்த எஸ்டேட்டுக்கும் தெரியும். முன்னுரிமைக் கார்டை வைத்துக்கொண்டே மகனின் கார் வாசலில் நிற்பதைச் சொன்னவராகவும் அவர் இருக்கலாம். வயதைப் பத்தாண்டு வரம்பாக்குங்கள், தொழிலைப் பொதுப்பெயராக்குங்கள், லயத்தின் எண்ணை எடுத்துவிடுங்கள்.