மருத்துவ ஆய்வில் மக்களின் பங்கு: நெறிமுறைகள் சொல்வது என்ன?

மருத்துவ ஆய்வு என்றதும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதோடு மக்களின் வேலை முடிந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது, கிடைத்த முடிவை யாரிடம் சொல்வது என்பவற்றிலும் அவர்கள் கருத்துக்கு இடம் உண்டு என்பதைச் சர்வதேச நெறிமுறைகள் இன்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டுள்ளன.

தங்கள் சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் தனித்தும் கூட்டாகவும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும் கூட என்று 1978-இல், அடிப்படைச் சுகாதாரம் குறித்த சர்வதேச மாநாடு வெளியிட்ட அல்மா-ஆட்டா பிரகடனம் கூறியது. அது சிகிச்சை, சேவை பற்றிய பேச்சு. ஆய்வைப் பொறுத்தவரை, உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனமே அடிப்படை; 2024-இல் திருத்தப்பட்ட அதன் வடிவம், பங்கேற்பாளர்களும் அவர்களது சமூகத்தினரும் தங்கள் முன்னுரிமைகளைச் சொல்லவும், ஆய்வை வடிவமைப்பதில் கலந்துகொள்ளவும், முடிவுகளைப் புரிந்துகொண்டு பரப்பவும் ஆய்வாளர்கள் வழிசெய்ய வேண்டும் என்கிறது.

இந்த விதிகளின் தேவையை உணர்த்திய நிகழ்வு ஒன்று உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க டெனோஃபோவிர் மாத்திரை உதவுமா என்று பாலியல் தொழிலாளர்களிடையே சோதிக்கக் கம்போடியாவில் திட்டமிடப்பட்டிருந்தது. பக்கவிளைவு ஏற்பட்டால் நீண்டகாலச் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்று அந்தப் பெண்களின் அமைப்பினர் கேட்டார்கள்; நிறைவான பதில் கிடைக்கவில்லை; 2004-இல் அரசே ஆய்வை நிறுத்தியது. ஆய்வுத் திட்டத்தின் வரைவை எழுதும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான், எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளில் மக்கள் பங்கேற்புக்கான தனி வழிகாட்டி 2007-இல் வந்தது.

ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவில் பொதுமக்களில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதும் 2024 திருத்தத்தில் உள்ளது. மருத்துவர்கள் நடுவே அவர் ஒருவரால் என்ன செய்துவிட முடியும் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால், '10 மி.லி. இரத்தம்' என்ற வரியைப் படித்துவிட்டு 'அது எத்தனை தேக்கரண்டி?' என்று கேட்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். இரண்டு தேக்கரண்டி என்று படிவத்தில் எழுதப்பட்ட பிறகே படிப்பவருக்கு அளவு பிடிபடும். தினக்கூலிக்குச் செல்பவரைக் காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்கு அழைத்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதும் அவருக்கே முதலில் தோன்றும்.

ஒன்றில் மட்டும் குழப்பம் கூடாது. சமூகத் தலைவர் அனுமதித்துவிட்டார் என்பதற்காகத் தனிநபரின் ஒப்புதல் தேவையில்லை என்று ஆகிவிடாது. 2016-இல் வெளியான சர்வதேச அறநெறி வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே மறுக்கின்றன.

இவை தம்மளவில் சட்டங்கள் அல்ல. அந்தந்த நாட்டு விதிகளின் வழியாகவே நடைமுறைக்கு வருகின்றன. எனினும் ஆய்வில் சேர அழைக்கப்படுபவர், இதன் வரைவை எங்களில் யாரிடம் காட்டினீர்கள், முடிவு வந்ததும் எங்களுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்று கையெழுத்திடும் முன்பே கேட்கலாம். பதில் திருப்தி தராவிட்டால், அனுமதி வழங்கிய அறநெறிக் குழுவையே அணுகலாம்; அதன் தொடர்பு விவரம் வழக்கமாக ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும்.