நோவில்லாத செங்கமாரி

திருக்கடலூரிலிருந்து வந்த அறுபது வயதுக் கடற்றொழிலாளி கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தார். "நோவு, உளைவு ஒன்றும் இல்லை டொக்டர். கண்தான் மஞ்சள்." மிச்சத்தை மனைவி சொன்னார்: இரவெல்லாம் சொறிகிறார், சிறுநீர் தேத்தண்ணீர்ச் சாயம்போல் போகிறது, மலம் வெளுத்துவிட்டது. மூன்று கிழமையாகக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தது. "சீனி வருத்தம் வந்தால் மெலிவதுதானே" என்றார். ஸ்கான் எடுத்தோம். சதையியின் தலைப்பகுதியில் புற்றுக்கட்டி.

சதையியைக் கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகிடப்பதால் கட்டி சிறிதாக இருக்கும்போது கைக்குத் தட்டுப்படாது. பித்தக்குழாய் அதன் தலைப்பகுதி ஊடாகவே குடலுக்கு இறங்குகிறது. அங்கே கட்டி வளர்ந்தால் குழாய் நெரிபட்டு, பித்தம் இரத்தத்தில் ஏறும். எந்த மூலிகையும் அந்த அடைப்பைத் திறக்காது. வைரஸால் வரும் செங்கமாரி (மஞ்சட்காமாலை) பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்; பெயர் மட்டும் கீழ்க்காய்நெல்லிக்குப் போய்ச் சேரும்.

இலங்கையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களில் வாய்ப்புற்றும் பெண்களில் மார்பகப் புற்றும் முன்னிற்கின்றன. சதையிப் புற்று வெகு கீழே. அதனால் விழிப்புணர்வுச் சுவரொட்டியும் இல்லை. ஆனால் 2022 இல் உலகில் ஏறத்தாழ 510,000 பேருக்கு இது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இறந்தோர் ஏறத்தாழ 467,000. திசுப் பரிசோதனைக்கு முன்பே கண்மூடிவிடுகிறவர்களை எங்கள் பதிவேடு முழுமையாகப் பிடிக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

புகைத்தல் இந்நோயின் ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. உடற்பருமன், குடியால் நாட்பட்டுப்போன சதையி அழற்சி, குடும்ப வரலாறு ஆகியவையும் காரணிகளே. நீரிழிவு மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது: நாட்பட்ட நீரிழிவு ஆபத்தைக் கூட்டும், புதிதாக வந்த நீரிழிவு சிலவேளை புற்றின் முதல் அடையாளமாகவே இருக்கும். 50 வயதுக்குப் பின் நீரிழிவு வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இப்புற்று தெரியவருகிறது. மற்றவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சீனியும் கூடி, காரணமில்லாமல் எடையும் குறைந்தால் ஸ்கான் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தில் வருகிறவர்கள் ஐவரில் ஒருவரே. இவருக்குக் கட்டி இரத்தக்குழாயைச் சுற்றியிருந்தது. பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்ததும் சொறிவு நின்றது. அன்றிரவு அவர் அயர்ந்து தூங்கியதாக மனைவி சொன்னார். பிறகு கொப்பியை மறுபடி புரட்டினேன். ஒவ்வொரு வருகையிலும் எடை அழகான கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது: 68, 66, 63, 60, 57. அதை மேலிருந்து கீழாக ஒருவரும் வாசிக்கவில்லை.