உளவுப் பிரிவில் இருந்தவர் தேர்தலில் நிற்கிறாரா? மனுவுக்கும் மேடைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் வேட்பாளராக வந்தால் ஊர் காது கொடுத்துக் கேட்கும். ராணுவ உளவுப் பிரிவில் இருந்தவர் என்று தெரிந்தால் ஆர்வம் இன்னும் கூடும். "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்குச் சொல்லும் பதில்தான் வேட்பாளரைச் சிக்கலில் மாட்டும். அதற்கு முன்பே காகிதங்களில் தடுக்கி விழுபவர்களும் உண்டு.

முதலில் வாக்காளர் பட்டியல். பணியில் இருந்த காலத்தில் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலின் கடைசிப் பாகத்தில், படைப்பணி வாக்காளராக இருந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு படிவம் 6 கொடுத்துப் பொது வாக்காளராகப் பதிய வேண்டும். கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) முகவரியில் பழைய பதிவு இருந்தால் அதை நீக்கவும் வேண்டும். இரண்டு இடங்களில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் பெயர் சேர்க்க முடியாது. பத்மநாபபுரத்தில் வாக்குரிமை உள்ளவர் கிள்ளியூரில் நிற்கலாம், தடையில்லை. ஆனால் தன் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை மனுவோடு, அல்லது பரிசீலனையின்போதாவது, கொடுக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பென்ஷன் வாங்குவதும் தடையல்ல. ஆனால் பணியிலிருந்து விடுவித்த உத்தரவு நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். விலகல் கடிதம் கொடுத்தது மட்டும் போதாது. பணியில் இருப்பவர் தன்னை வேட்பாளர் என்று அறிவிப்பதையே 1954-ம் ஆண்டு ராணுவ விதிகளின் 20-வது விதி தடுக்கிறது. நம் பக்கம் பலர் ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (ராணுவ நிலையங்களைக் காக்கும் பாதுகாப்புப் படை) மறுபடி சேர்கிறார்கள், அல்லது முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போகிறார்கள். டி.எஸ்.சி.யில் இருப்பவருக்கு ராணுவச் சட்டம் அப்படியே பொருந்தும். அரசு வேலையோ ஆதாயம் தரும் பதவி, அதில் இருப்பவர் வேட்பாளராக முடியாது. இரண்டிலிருந்தும் முழுமையாக விடுபட்ட பிறகுதான் மனு.

சொத்து, வழக்கு விவரங்களோடு மனுவுடன் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் பட்டாளத்துக்காரர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் அரசு குடியிருப்பில் இருந்தீர்களா என்ற கேள்வி. எம்.எல்.ஏ. விடுதிக்கும் அமைச்சர் பங்களாவுக்கும்தான் அது என்று நினைத்து "இல்லை" என எழுதிவிடுகிறார்கள். ராணுவக் குவார்ட்டர்ஸும் அதில் அடங்கும். வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். தேர்தல் அறிவிக்கை வரும் மாதத்துக்கு முந்தைய மூன்றாவது மாதத்தின் கடைசித் தேதி, அல்லது அதற்குப் பிந்தைய தேதி, அந்தச் சான்றில் இருக்க வேண்டும். அம்பாலாவிலோ லேயிலோ உள்ள எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் சேவை) அலுவலகத்திலிருந்து அதை வாங்கி வர நாளாகும். தேர்தல் பேச்சு கிளம்பும்போதே எழுதிப் போடுங்கள்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதுங்கள். காலியாக விட்டதைத் தேர்தல் அதிகாரி சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். சட்டமன்றத்துக்கு டெபாசிட் ரூ.10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.5,000. மனு கொடுத்த கையோடு, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற வேட்பாளர் உறுதிமொழியையும் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளன்று எடுத்தால் செல்லாது.

இனி பேச்சு. 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவு, பதவியில் இருப்பவரோடு பதவியில் இருந்தவரையும் சேர்த்தே கட்டுகிறது. ஓய்வு அதைத் தளர்த்துவதில்லை. பணியின் கடைசிக் கட்டத்தில் ஐ.பி., ரா போன்ற மத்திய உளவு அமைப்புகளுக்குப் போய் அங்கிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு 2021 மே மாதம் வந்த பென்ஷன் விதித் திருத்தமும் உண்டு: அந்த அமைப்பின் வேலை தொடர்பாக எதையும் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. மீறினால் பென்ஷனே பாதிக்கப்படலாம்.

டிஸ்சார்ஜ் புக்கில் (பணியிலிருந்து விடுபடும்போது தரும் பதிவுப் புத்தகம்) உள்ளதைச் சொல்லலாம்: சேர்ந்த ஆண்டு, விடுபட்ட ஆண்டு, படைப்பிரிவு, பதவி, பதக்கங்கள். எந்த ஊரில் யார் தகவல் கொடுத்தார்கள், எந்த வழியில் செய்தி வந்தது, கூட இருந்தவர் யார் என்பதெல்லாம் கூடாது. செய்தித்தாளில் ஏற்கெனவே வந்ததுதானே என்று சொல்வார்கள். நிருபர் எழுதுவது வேறு, அங்கே இருந்தவரே "ஆமாம்" என்று உறுதிப்படுத்துவது வேறு. மார்த்தாண்டத்தில் யூடியூப்காரர் மைக்கை நீட்டினால், "அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்பதே முழுப் பதில். வாக்கு குறையுமோ என்று அஞ்ச வேண்டாம்.

பழைய படங்களும் அப்படித்தான். சாதாரண உடையில் தானும் இன்னொருவரும் நிற்கும் ஒரு படத்தை வேட்பாளர் ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் கொடுக்கிறார் என்று வையுங்கள். பின்னால் மலைக் கிராமத்து வீடு ஒன்று, ஓரத்தில் ஆண்டு. பக்கத்தில் நிற்பவர் இன்னும் பணியில் இருக்கலாம். அந்த வீட்டுக்காரர்தான் தகவல் தந்தவராக இருக்கலாம். ஓட்டுக்காக ஒட்டிய படம் அவர்கள் உயிருக்கே உலை வைக்கும். சீருடைப் படமும் வேண்டாம். படைவீரர்களின் படங்களையும் படைகளின் நடவடிக்கைகளையும் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-லும் 2019-லும் அறிவுறுத்தியிருக்கிறது. பதவிப் பெயர் போட்டால் "ஓய்வு" என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடிக்கும் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: லீவுக்கு வந்திருக்கும் தம்பியோ பழைய யூனிட் நண்பரோ பிரசார வண்டி ஓட்டினால், வாட்ஸ்அப்பில் ஆதரவு திரட்டினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7) குறுக்கே வரும். பணியில் உள்ள படைவீரரின் உதவியை வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ நாடுவது ஊழல் நடவடிக்கை. ஜெயித்த பிறகும் வெற்றி செல்லாமல் போகலாம். அவர்கள் வாக்களிக்கலாம், அதோடு சரி. பழைய தொடர்புகளை வைத்து எதிராளியின் போன் விவரம் எடுப்பது தனிக் குற்றம். அந்த ஆசையே வரக் கூடாது.

வாக்காளர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பில் வரிசையாகத் தொங்கும் பதக்கங்கள் எல்லாம் வீரதீரத்துக்கானவை அல்ல. 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவைக்கும் பதக்கம் உண்டு. அதுவும் மரியாதைக்குரியதுதான். வீர விருது பெற்றதாகச் சொன்னால் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். சொத்து, வழக்கு விவரங்களைத் தேர்தல் ஆணையத் தளத்தில் பிரமாணப் பத்திரமாகவே படிக்கலாம். ரகசியம் என்பதால் ஆதாரம் காட்ட முடியாது என்று ஒருவர் சாகசக் கதை சொன்னால், அதை ஓட்டுக்கான கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீர், சாலை, மீன்பிடித் துறைமுகம் பற்றி அவரிடம் என்ன திட்டம் இருக்கிறது என்று கேளுங்கள்.