‘பியானோ பாராயணம்’ வேண்டாம், ‘பியானோ தனியரங்கு’ போதும்

வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பள்ளி, கல்லூரி அழைப்பிதழ்களில் ‘பியானோ பாராயணம்’ என்று அச்சடிப்பது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. ஒருவர் தனியாக மேடையில் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ரிசைட்டல் என்ற சொல்லைக் கைப்பேசி மொழிபெயர்ப்பில் தட்டினால் வந்து விழுவது பாராயணம். அதை யாரும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில்லை, நேரே அச்சகத்துக்குப் போய்விடுகிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசையை விரும்பிக் கேட்பவர்கள் நம் ஊரில் குறைவு. புதிதாக எட்டிப்பார்க்க நினைப்பவரையும் இந்தச் சொல் வாசலிலேயே குழப்பி அனுப்பிவிடும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ரெசிட்டாரே’ என்றால் உரக்கப் படித்தல். அதிலிருந்து வந்த ரிசைட்டல், கவிதையையும் பத்திரத்தையும் படித்துக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கியது. 1840 ஜூனில் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் லண்டனில் தான் தனியாக வாசித்த நிகழ்ச்சிக்கு அதைப் பெயராக வைத்தார். பியானோவில் எப்படி ஒப்புவிப்பது என்று அந்த ஊர்க்காரர்களே கேட்டார்களாம். அதுவரை ஒரே மேடையில் பாடகர், வயலின்காரர், வாத்தியக் குழு எல்லாம் கலந்துவரும். வேறு யாரும் இல்லாமல் ஒருவரே மாலை முழுவதையும் தாங்குவதுதான் லிஸ்ட் செய்த புதுமை. ஆகவே, ரிசைட்டலின் இன்றைய பொருள் ‘ஒருவர், ஒரு வாத்தியம், ஒரு முழு நிகழ்ச்சி’ என்பதே. ‘படித்தல்’ அதில் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்த அந்தப் பொருளைத்தான் பாராயணம் தோண்டி எடுத்து வருகிறது. பாராயணம் வடசொல், ஒரு நூலைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஓதிக் கரைசேர்வது. அதற்கு நூல் வேண்டும், சொல் வேண்டும், பக்தி வேண்டும். சுந்தரகாண்டப் பாராயணம் உண்டு. வள்ளிமலையில் திருப்புகழ்ப் பாராயணம் என்றால் இந்த மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாராயணத்துக்கு வருபவர் கூடவே சேர்ந்து ஓதலாம், ஓதவும் வேண்டும். பியானோவிலோ சொல்லே கிடையாது. சபை வாய்திறந்தால் நிகழ்ச்சி கெட்டது. வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை, பொருள் முற்றிலும் வேறு என்பதால் தள்ளுகிறோம்.

சிலர் ‘அரங்கேற்றம்’ என்று எழுதுகிறார்கள். அது முதன்முறை மேடையேறுவது. முப்பது ஆண்டாக வாசிப்பவருக்கு அரங்கேற்றம் என்று அறிவிப்பது அவருக்கே இழுக்கு.

‘கச்சேரி’யைப் பற்றிப் பொறுமையாகப் பேச வேண்டும். அது தூயதமிழ் இல்லை என்று ஒதுக்குபவர்களோடு உடன்பட முடியாது. இந்துஸ்தானியிலிருந்து வந்து, முதலில் அரசு அலுவலகத்தைக் குறித்த சொல் அது. ‘தாலுக்கா கச்சேரி’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேடையிசைக்கு அது நன்றாகவே பொருந்திவிட்டது. தடை வேறிடத்தில் இருக்கிறது. கச்சேரி என்றதும் நம் மனத்தில் பக்கவாத்தியம் அமர்ந்துவிடுகிறது. ஆலாபனை, நிரவல், கற்பனைஸ்வரம் வருகின்றன. தொடையில் தாளம் போடுகிறோம், நல்ல பிடிக்குத் தலையாட்டி ‘பலே’ என்கிறோம். பியானோ ரிசைட்டலில் பெரும்பாலும் எல்லாமே எழுதிவைத்த இசை. பக்கவாத்தியம் கிடையாது. ஒலிபெருக்கியும் வைப்பதில்லை, பியானோவின் மூடியை வாசிப்பவரின் வலப்பக்கமாகத் திறந்து, அதில் பட்டுத் திரும்பும் ஒலிதான் கடைசி வரிசைவரை போக வேண்டும். இருமல்கூடக் கேட்கும். கச்சேரி என்று நம்பி வந்தவர் இந்த அமைதிக்குத் தயாராக வருவதில்லை. பிழை அவருடையதல்ல.

நமக்கு வேண்டிய சொல் ‘தனியரங்கு’. கவியரங்கம், கருத்தரங்கம் என்று ‘அரங்கு’ நிகழ்ச்சியைக் குறித்து வழங்குகிறது. ‘தனி’ லிஸ்டின் புதுமையைச் சொல்லிவிடுகிறது. ‘பியானோ தனி’ என்று மட்டும் சுருக்கக் கூடாது, மிருதங்கத் தனி நினைவுக்கு வந்துவிடும். வயலினும் பியானோவும் சேர்ந்தாலோ, பாடகருக்குப் பியானோ துணைவந்தாலோ ஆங்கிலத்தில் அதுவும் ரிசைட்டல்தான். அங்கே ‘தனி’ பொய். ‘வயலின்–பியானோ இசையரங்கு’ என்றே எழுதலாம்.

பியானோவைப் பியானோ என்றே விட்டுவிடலாம். ‘இசைப்பெட்டி’ என்றால் ஆர்மோனியமா, சாவி முடுக்கும் பொம்மையா என்று தெரியாது.

தலைப்பைத் திருத்தினாலும் உள்ளே நிரல்தாளில் இன்னும் கொடுமை காத்திருக்கிறது. ‘பியானோ விளையாடுவார்’ என்று அச்சாகிறது. கீ ‘சாவி’ ஆகிறது, இசையை எழுதிவைத்த தாளான ஸ்கோர் ‘மதிப்பெண்’ ஆகிறது. ஆர்மோனியக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் ‘கட்டை’ நம் கையில் இருக்கிறது: பியானோவுக்கு 88 கட்டைகள், அவற்றில் வெள்ளை 52, கறுப்பு 36. டியூனிங்குக்குச் ‘சுருதி சேர்த்தல்’ அச்சாகப் பொருந்துகிறது. மேடையேறாத மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சொற்கள் தெரியாததில் வியப்பில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளாததுதான் வருத்தம்.

இவற்றிலெல்லாம் மோசமானது, நீண்ட படைப்பின் ஒரு பகுதியான மூவ்மென்ட்டை ‘இயக்கம்’ என்பது. ‘முதல் இயக்கம்’ என்று படிப்பவருக்கு அரசியல் கூட்டம்தான் தோன்றும். வேறு சில தாள்கள் ஒவ்வொன்றையும் ‘பாடல்’ என்று எண் போட்டு அடுக்குகின்றன. பீத்தோவனின் 14-ஆம் சொனாட்டாவை (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப்படைப்பு), நிலவொளி என்று பெயர்பெற்றதை, எடுத்துக்கொள்வோம். மூன்று பாடல் என்று போட்டால், முதலாவது முடிந்ததும் சபை கைதட்டும். அங்கே பீத்தோவன் ‘நிறுத்தாமல் உடனே அடுத்தது’ என்று இத்தாலியத்தில் எழுதிவைத்திருக்கிறார். கைதட்டல் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடுகிறது.

மூவ்மென்ட்டுக்கு ‘அங்கம்’ என்பதே சரி. கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் அங்கங்கள். நாடகத்துக்கும் அங்கம் உண்டு. முழுப் படைப்பு ‘உருப்படி’. நிரல்தாளில் இப்படிப் போடலாம்:

பீத்தோவன் — சொனாட்டா எண் 14, சி ஷார்ப் மைனர், ஓபஸ் 27 எண் 2 (மூன்று அங்கங்கள்)
1. அடாஜியோ சொஸ்தெனூத்தோ
2. அலெக்ரெட்டோ
3. பிரெஸ்டோ அஜிடாட்டோ

சி ஷார்ப்பை ‘ஒன்றரைக் கட்டை’ எனலாம்தான், ஆனால் சுரவரிசையின் வகையைச் சொல்லும் மைனர் அதில் வராது. அதனால் பெயரை அப்படியே விடுவது தெளிவு. கீழே ஒரு வரி: ‘அங்கங்களுக்கு இடையே கைதட்ட வேண்டாம், வாசிப்பவர் கையை மடியில் வைத்து, எழுந்ததும் தட்டலாம்.’

நிகழ்ச்சி முடிந்தபின் சபை கேட்டு வாசிக்கும் எங்கோர் என்பதை ‘ஒன்ஸ்மோர்’ என்று போடுகிறார்கள். நாடக மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டால் அதே பாட்டைத் திரும்பப் பாடுவார்கள். தனியரங்கின் முடிவில் கைதட்டல் ஓயாவிட்டால் வருவது பெரும்பாலும் வேறொரு சின்ன உருப்படி. ‘கூடுதல் உருப்படி’ என்று மேடையில் சொன்னால் போதும், தாளில் அச்சடிக்கவே வேண்டாம்.